மருதமரத்தடியில் ஒரு தேங்காய்

தம்பி, நேற்று நீ அனுப்பிய செய்தி வந்தது. 'தேங்க்ஸ்ப்பா' என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வைத்திருந்தாய். அதற்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினால் முடிந்தது என்கிறாள் உன் அம்மா. எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. ஆரப்பாளையத்தில் இன்று கூட்டம் குறைவு, பை வாங்க ஆளில்லை. புதுப் பைகள் உப்பலாக நிற்பதற்காக உள்ளே தாளைத் திணித்து அனுப்புகிறார்களே, அந்தத் தாள்களை உருவி, நீவி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கசங்கிய தாள், என் கையெழுத்தும் அப்படித்தான் இருக்கிறது. பொறுமையாகப் படி.

உன் கல்யாணம் உறுதியாகிவிட்டது. நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. அது எப்படிக் கிடைத்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது இப்போது என்னிடம் இல்லை. கடையை எடுத்துவைத்து ஷட்டரை இழுத்தபின் வருமே ஒரு அலுப்பு, அது இந்த ஒரு மாதமாகக் காலையில் எழுந்திருக்கும்போதே வந்துவிடுகிறது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பிற்பாடு உன் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாமன் மச்சான் முறையில்தான் நடக்கும். பங்காளி வீட்டில் போய்ப் பெண் கேட்கிறவனை நம் பக்கத்தில் மனிதனாகவே சேர்க்க மாட்டார்கள். செக்கானூரணி தாண்டி இருக்கும் நம் கோயிலில் மாசி சிவராத்திரிக்குக் கூடுகிற பங்காளிகளில் எனக்கு மிகவும் நெருக்கமானவன் சோலை. என்னைவிடச் சின்னவன், வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவன். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நீ வந்து நின்றது அந்தச் சோலையின் மகளுக்காக.

பவித்ராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பத்தில் அம்மாச்சி வீட்டில் வளர்ந்து படித்த பிள்ளை, சிவராத்திரிக்குக்கூட அதிகம் வந்ததில்லை. கோயம்புத்தூரில் நீ வேலை பார்க்கிற இடத்துக்கே அவளும் வந்து சேர்ந்து, மதுரைப் பக்கம் என்று பேச ஆரம்பித்து, பழகி எல்லாம் முடிந்த பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்று இருவரும் கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் தலைமுறையில் கேட்கிற வரிசையே தலைகீழ். நம் ஆட்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து சாமியைக் கேட்பார்கள், இறங்குகிற நேரத்தில்தான் பெயரைக் கேட்பார்கள். நீ விஷயத்தைச் சொன்ன அன்று நான் போட்ட சத்தம் நம் தெருவுக்கே கேட்டது. சோலை தன் வீட்டில் மகளைத் திட்டவே இல்லையாம். 'இது ஆகாதும்மா' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டானாம். அவன் ஏன் அப்படி அடங்கிப் போனான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு திடீரென்று சனிக்கிழமைதோறும் ஒத்தக்கடை வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். "அப்பா, ஒங்க சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணி வைக்கிறேன். நம்ம குடும்ப வரலாற எழுதப்போறேன்" என்றாய். எனக்கு எம்புட்டுச் சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. என் அப்பாவிடம் நான் எதுவுமே கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் மகன் வந்து கேட்கிறானே என்று சனிக்கிழமை காலையில் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 'என்ன, பொண்ணு பாக்க வாராகளா?' என்று உன் அம்மா கிண்டல் செய்வாள்.

செல்லூரில் நாங்கள் இருந்த சந்து பற்றி நிறையச் சொன்னேன். வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. ஊரிலிருந்து பிழைக்க வந்த என் அப்பாவுக்கும் தறிக்கூலிதான். விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, எங்கள் வீட்டில் யாருக்குமே மெதுவாகப் பேச வராது. ஊருக்குப் போனால் நாங்கள் சும்மா பேசிக்கொண்டிருப்பதைச் சண்டை என்று நினைத்துப் பங்காளிகள் விலக்கிவிட ஓடிவருவார்கள். கரண்ட் போனால்தான் வேடிக்கை. சந்து மொத்தமும் ஒரே நொடியில் அடங்கிவிடும். அந்த நேரம் யார் யாரை வைதுகொண்டிருந்தார்களோ அந்த வசவு மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். பரீட்சை லீவுக்கு சோலை எங்கள் வீட்டுக்கு வருவான். தறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று முதல் சில நாள் அழுவான். லீவு முடிந்து ஊருக்குப் போனதும், சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அங்கே அழுவான். அவன் அம்மா முறத்தைத் தட்டித் தட்டித் தூங்கவைப்பாராம்.

இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்துக்கொண்டே உன்னைப் பார்த்தேன். உன் கட்டைவிரல் மெதுவாகப் போய் ரெக்கார்டை நிறுத்தியது. அதற்குப் பிறகு நானும் கவனிக்க ஆரம்பித்தேன். தாத்தாவின் அப்பா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், கூடப் பிறந்தவர்கள் யார் என்றால் ரெக்கார்ட் ஓடும். கரண்ட் போன கதை, சோலையும் நானும் ஒரே சைக்கிளில் வைகைக்குள் விழுந்த கதை என்றால் நின்றுவிடும். வரலாற்றுக்கு இதெல்லாம் ஆகாது போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். போனில் நீ வரைந்த குடும்ப மரத்தைக் காட்டினாய். ஆண்கள் பெயராகத் தொங்கியது. என் அம்மாவுக்கு உரிய இடத்தில் பெயர் இல்லாமல் ஒரு சாம்பல் வட்டம். கேட்டதற்கு, 'அத அப்பறம் போட்டுக்கலாம்ப்பா' என்றாய்.

மருதமரத்துக் கதை வந்தது வேறு பேச்சில். நீ பஸ் ஸ்டாண்டில் பால்பன் வாங்கி வந்திருந்தாய். அதைப் பிட்டு வாயில் போட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அப்பா என்னை நேரே நம் கோயிலுக்குக் கூட்டிப் போகமாட்டார். அம்மாவும் தங்கைகளும் முன்னால் போய்விடுவார்கள். அவர் என்னை மட்டும் சோழவந்தான் பஸ்ஸில் ஏற்றி, பாதி வழியில் இறக்கி, பெரிய கால்வாய்க் கரையோரமாக நடத்திக் கூட்டிப் போவார். அங்கே ஒரு மருதமரம், அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து உடைப்பார். சூடம் கிடையாது, திருநீறு கிடையாது, ஒரு வார்த்தை பேச்சும் கிடையாது. உடைத்த மூடிகளை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு பால்பன் வாங்கிக் கொடுத்து, 'வாயத் தொறந்தேன்னா அடுத்த வருசம் கூட்டியார மாட்டேன்' என்பார். நான் பால்பன் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. பிறகு அப்பா நடக்க முடியாமல் போனார், நானும் கடை, குடும்பம் என்று அதை மறந்தே போனேன்.

இதைச் சொல்லி முடித்தபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்த எடம் எங்கப்பா? இப்பப் போனா அடையாளம் தெரியுமா?" என்றாய். அந்தக் கேள்வியில்தான் எனக்கு மொத்தமும் புரிந்தது. நீ என் சின்ன வயதுக்குள் இத்தனை மாதமாக ஒரு ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். எங்காவது ஓரிடத்தில் நாமும் சோலை வீடும் ஒரே வம்சம் இல்லை என்று வந்துவிடாதா என்று பார்த்திருக்கிறாய். உன் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதில் தப்பில்லை. ஆனால் வலித்தது. அந்த வெள்ளைச் சட்டையை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காரில் போனோம். கால்வாய் அப்படியே இருந்தது, மருதமரமும் இருந்தது. கல்லைச் சுற்றிச் சிமென்ட் மேடை கட்டி, தகரக் கூரை போட்டிருந்தார்கள். பூசை செய்கிற அய்யாவு வந்து யார் என்ன என்று விசாரித்தார். நான் என் தாத்தா பெயர் வெள்ளையன் என்று சொன்னதும் அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். "மேற்க போன வெள்ளையன் தாத்தா வகையறாவா நீங்க?" என்று கேட்டார். மடைத் தண்ணீர்ச் சண்டையில் கூடப் பிறந்த அண்ணனே மண்வெட்டியைத் தூக்கியதால், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ராவோடு ராவாக மேற்கே போய்விட்டாராம் தாத்தா. அந்தத் தலைக்கட்டு திரும்பி வரவே இல்லை என்று இவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்களாம். "சிவராத்திரிக்கு ஒருத்தரு சின்னப்பயலக் கூட்டிக்கிட்டு வருவாரு, தேங்கா ஒடப்பாரு, போயிருவாரு. யாருன்னு எங்க பெருசுகளுக்குத் தெரியும். பேச்சுக் குடுத்தா அடுத்த வருசம் வராமப் போயிருவாருன்னு ஒதுங்கியே நின்னுக்குவாக" என்றார். அந்தச் சின்னப்பயல் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நீ கால்வாய்க் கரையில் கொஞ்சம் தள்ளிப் போய் பவித்ராவுக்குப் போன் போட்டாய். சிரித்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டாய், மறுபடி சிரித்தாய். நான் வெயிலில் நின்றுகொண்டு என் அப்பாவை நினைத்தேன். வருடா வருடம் ஆட்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியும் என்றுதான் தோன்றியது. இங்கே பேசினால் அங்கே போகும், அங்கே போனால் பங்காளிகள் நடுவில் தலைகுனிவு. அதனால் இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு ஒரு தேங்காயோடு முடித்துக்கொண்டார். உனக்கு அன்று அது ஒரு அத்தாட்சி. எனக்கு அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ கோயம்புத்தூருக்குக் கிளம்பிய பிறகு நான் தனியாகச் சோலையைப் பார்க்கப் போனேன். இதுதான் உனக்குத் தெரியாத பாதி. அவனுடைய மாட்டுத் தீவனக் கடையில் பின்கட்டில் புண்ணாக்கு மூட்டைகள் மேல் இருவரும் உட்கார்ந்தோம். நான் கால்வாய், மரம், அய்யாவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அதிர்ச்சியாவான், இல்லை சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன். அவன் மூட்டையில் பிரிந்திருந்த சணலை இழுத்துக்கொண்டே கேட்டான். கடைசியில், "எனக்குத் தெரியும்ணே" என்றான். அவன் அப்பா சாவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். வெள்ளையன் தாத்தா பசியோடு வந்து நின்றபோது அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டது சோலையின் தாத்தா. கோயிலில் எல்லோரையும் கூட்டி, சாமி முன்னால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'இவன் என் கூடப் பொறந்தவன், இனிமே இவன் எங்கருந்து வந்தான்னு எவன் பேசுறானோ அவன் என் வம்சமில்ல' என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. விஷயம் அவர்களோடு அடங்கி, சோலை வீட்டில் மட்டும் அப்பன் மகனுக்குச் சொல்வதாக இருந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தெரிந்துகொண்டா இரண்டு வருடமாகப் பிள்ளைகளை அழவிட்டாய் என்று கேட்டேன். அவன் சணலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அவ அழுதத நானும் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். ஒரு வார்த்த சொன்னா அழுக நின்னுரும்னும் தெரியும். அந்த வார்த்தய என் வாயால சொல்லணும்ல? ஒங்கள வந்தவகன்னு நான் எப்பிடிண்ணே சொல்லுவேன்?" என்றான். நான் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்க சொல்லலாம். ஒங்க வீட்டுப் பேச்சு, நீங்க பேசுனா வாக்கு கெடாது. ஆனா பேசுனா நீங்க போயிருவீக. சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றான். ஒருவர் பருத்திக்கொட்டை கேட்டு வந்தார், சோலை எழுந்து போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

தம்பி, நான் உனக்குச் சொல்ல வேண்டிய முதல் புத்தி இதுதான். உன் மாமனார் அதிகம் பேசாத மனிதர். அவர் சும்மா இருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும். நாளைக்கு அவர் உன்னிடம் ஒரு விஷயத்தில் பேசாமல் இருந்தால், அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் இத்தனை வருடம் பழகியும் அவனைத் தெரிந்துகொண்டது அந்த மூட்டை மேல்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பதை நிறுத்தவில்லை. "நாளப்பின்ன ஒங்களுக்கு ஒன்னுன்னா நீர்மால எடுக்க யாரு வருவா?" என்று கேட்டாள். "ஒம் மகன் வருவான்" என்றேன். "அவன் ஒருத்தனா?" என்றாள். பங்காளி என்றால் பொங்கலும் கிடா வெட்டும் மட்டுமில்லை. செத்தால் நீர்மாலை என்று தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டுவது அவர்கள், தீட்டுக் காப்பது அவர்கள், மகனோடு கூட உட்கார்ந்து மொட்டை போடுவது அவர்கள். என் அப்பா செத்தபோது கரையில் வரிசையாக உட்கார்ந்து மீசை வரைக்கும் மழித்துக்கொண்டார்கள். எனக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். இதைத்தான் உன் அம்மா கேட்டாள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. சோறு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சில நாள் அப்படியும் இப்படியுமாக மனசு ஓடியது. நீ தினமும் போன் செய்து, எப்போப்பா பேசுவீங்க என்று கேட்டாய். பேசாமல் விட்டுவிட்டால் என்ன, இவனும் நாளாவட்டத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்ததும் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாக மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டு வாயைக் கட்டியிருந்தவனை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எனக்காக அவ்வளவு செய்திருக்கும்போது நான் என் சாவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

சிவராத்திரிக்கு வரி போடுவதற்காகக் கோயில் வாசலில் பங்காளிகள் கூடினோம். எல்லோரும் பேசி முடித்து எழுந்திருக்கிற சமயத்தில் நான் எழுந்து நின்றேன். என் தாத்தா எங்கிருந்து வந்தார், எந்தக் கல்லுக்கு என் அப்பா தேங்காய் உடைத்தார் என்று சொன்னேன். சோலைக்கு எதுவும் தெரியாது என்றும் ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டேன். செல்லூர் வளர்ப்பு, எனக்கு மெதுவாகப் பேச வராது. அன்று மட்டும் மெதுவாகத்தான் வந்தது. திரும்பச் சொல்லச் சொன்னார்கள், திரும்பச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு இளவட்டம், 'வந்தவகளுக்கா இம்புட்டு நாளும் கெடாக்கறியில கூறு வச்சோம்' என்றான். மூத்தவரான பெரியசாமியண்ணன் அவனை அதட்டி உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப ஒங்கப்பன் சாவுக்கு நாங்க மீசைய எடுத்ததெல்லாம் எதுல சேரும்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். சோலைதான் சொன்னான், "எடுத்தது எடுத்ததுதேன். அந்த மயிரு மொளச்சு நரைச்சும் போச்சு, இப்ப அதுக்கு என்ன?" என்று. யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் தொடக்கத்தில் நான் கொடுத்திருந்த வரியை என் கையிலேயே திருப்பி வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்தார்கள்.

சிவராத்திரி அன்று உன் அம்மா காலையிலேயே பொங்கல் பானையைத் துலக்கிக் கவிழ்த்தாள். பிறகு ஞாபகம் வந்து, அதைத் துடைத்து மறுபடி பரண் மேல் ஏற்றிவைத்தாள். அய்யாவு போன் செய்து கூப்பிட்டார். அவர்கள் நல்லவர்கள், சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். எனக்குத்தான் இந்த வயதில் புதிதாக அண்ணன் தம்பிகளின் பெயரைப் பாடம் செய்ய அலுப்பாக இருக்கிறது. நீ போ, உனக்கு வயதிருக்கிறது. பவித்ராவைக் கூட்டிப் போ, உன் பிள்ளைக்கு அங்கே முடி இறக்கு. போகும்போது அந்த மனிதர்களிடம் நின்று பேசு. என் அப்பாவுக்கும் சேர்த்துப் பேசு. உன் குடும்ப மரத்தையும் திருத்திக்கொள், என் அம்மாவின் பெயர் காத்தாயி.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இனி உனக்கு என் சின்ன வயதில் தேட வேண்டியது எதுவும் இல்லை. அதனால் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிடாதே. போனைப் பைக்குள் போட்டுவிட்டு வா. யாருக்கும் உபயோகமில்லாத கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

போன புதன்கிழமை சோலை தன் வீட்டாரோடு தட்டு எடுத்துக்கொண்டு தேதி பேச வந்தான். நீ போனில் கேட்டபோது எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன், அது உண்மைதான். ஆனால் சோலை நம் வீட்டுக்கு எப்படி வருவான் என்று உனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிய வேகத்தில் அடுப்படிக்குள் போவான், சட்டியைத் திறந்து பார்ப்பான், 'என்ன மதினி, இன்னைக்கும் கத்திரிக்காதானா?' என்று அவனே போட்டுச் சாப்பிடுவான். அன்று ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். உன் அம்மா தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தான். தேதி முடிவானதும் நான் பொறுக்கமாட்டாமல், "சோலை, உள்ள வாடா, சாப்பிடுவம்" என்று கூப்பிட்டேன். அவன் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு, "இருக்கட்டுங்க" என்றான். என்னைப் பார்த்து அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணே என்று சொல்ல இனி முறையில்லை, சம்பந்தி என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை.

நீயும் அவளும் சண்டை போடாமல் இருக்கப் போவதில்லை, போடுங்கள். நானும் உன் அம்மாவும் போடாத சண்டையா? ஆனால் அதை என்னிடமும் சோலையிடமும் கொண்டுவராதீர்கள். பங்காளியாக இருந்தவரை ஊரில் அவனோடு வரப்புக்கு அடித்துக்கொண்டு மறுநாளே ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறேன். சம்பந்தியோடு அது முடியாது, உங்களுக்கு ஒன்று என்றால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றாக வேண்டும். கூட்டமாக இருந்த பங்காளிகளில் எனக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். அவன் என் வீட்டுக்கு வர இனி ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது உங்கள் கல்யாணம். அதை அடைத்துவிடாதே.

அப்பா